பிரிக்காத பார்சல்கள்

“பதிமூணு வயசுப் பிள்ளைக்குத் தனியா ஒரு பேமென்ட் கணக்கு எதுக்கும்மா?” என்று கேட்டார் குமணன்.

குரு ஒரு பாயை அவர் பக்கம் நகர்த்தினார்.

சிறுமலையில் அன்று காலை பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. அது பாட்டுக்கு நுழைந்து கூடத்தில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த குருவின் முகம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

குமணனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் மேலாளர். குரு அவரைவிட இளையவர். முன்பு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திய பெண்மணி என்று சொல்வார்கள். மலைக்கு வந்தபிறகு அவர் எதையும் நடத்தவில்லை. வருகிறவர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சும்மாவுக்காகத்தான் குமணன் வாரம் தவறாமல் வளைவு வளைவாக பைக்கை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

“என் மனைவி சுபத்ராதான் ஆரம்பிச்சுக் கொடுத்தா. அவ கணக்கோட சேர்த்து பாப்பாவுக்கும் ஒண்ணு. பாப்பா போன்லயே பொருளைப் பாக்கலாம், பிடிச்சா வாங்கலாம், காசு கட்டலாம். யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை.”

“ம்.”

“இப்பவே பழகட்டும்னு சுபத்ரா சொல்றா. சின்ன வயசுல தொட்டுப் பழகலைன்னா, நாளைக்குச் சம்பளம்னு மொத்தமா கைக்கு வர்றப்ப தடுமாறுவாளாம்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“அவ குழந்தைம்மா. தலைமாட்டுலயே ஒரு கடை திறந்தபடி இருந்தா எந்தக் குழந்தை தாங்கும்? பெரியவங்க நாமளே தாங்க மாட்டோம்.”

குரு தலையை அசைத்தார். எதற்கு அசைத்தார் என்று குமணனுக்குப் பிடிபடவில்லை.

“வாரா வாரம் ஏதாவது பார்சல் வருது. சுபத்ரா போன்ல மெசேஜைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். கணக்கை மூடப்போறேன்னு சொன்னேன். அன்னையில இருந்து பாப்பா எங்கிட்டப் பேசுறதில்ல. சுபத்ரா பேசுனா அது சண்டையிலதான் முடியுது.”

அவர் குரல் இறங்கியது.

“மூடட்டுமா, விட்டு வைக்கட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

பனி மெல்ல நகர்ந்து இருவருக்கும் நடுவில் வந்தது. அதற்குள்ளிருந்து குருவின் குரல் மட்டும் கேட்டது.

“பார்சல்ல என்ன வருது?”

“என்ன வரும்? கிளிப்பு, பொம்மை. இந்த வயசுப் பிள்ளைங்க வேறென்ன வாங்கும்?”

“என்ன வருதுன்னு கேட்டேன்.”

குமணன் தலையைக் குனிந்தார்.

“பாத்ததில்லம்மா.”

குரு எழுந்து போய் வாசற்கதவை அகலத் திறந்தார். வெளியே இருந்த பனியும் உள்ளே இருந்த பனியும் ஒன்றாயின.

“இன்னைக்கு உட்கார வேண்டாம். பாத்துட்டு வாங்க.”

*

மலையடிவாரத்தில் வெயில் காய்ந்தது. ஆனாலும் பனிக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போவது போலத்தான் குமணனுக்கு இருந்தது. வழியில் பார்த்த மனிதர்கள், ஆடுகள், பூட்டிய கடைகள் எல்லாம் சத்தமில்லாமல் பின்னால் போயின.

வீட்டு மணியை அடித்தார்.

உள்ளே ஓடிவரும் காலடிச் சத்தம். கதவு சட்டென்று திறந்தது. மகள் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டு நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவரைப் பார்த்ததும் அது எங்கோ போய்விட்டது.

“நீங்களா?”

“வேற யாரு?”

அவள் திரும்பி உள்ளே போனாள்.

சுபத்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. கூடத்தில் யாரும் இல்லை. சன்னல் வழியாக வெயில் வந்து டிவி மேல் நீளமாகப் படுத்திருந்தது. அந்த வெயிலைக் குமணன் அதற்குமுன் பார்த்ததே இல்லை. யாரோ ஒருவருடைய வீட்டுக்குத் தவறி வந்துவிட்டது போல நின்றார்.

பிறகு மகளின் அறைக்குப் போனார்.

“பாப்பா, நீ வாங்குனதெல்லாம் எங்க?”

“எதுக்கு? திருப்பி அனுப்பவா?”

“பாக்கணும்.”

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒவ்வொன்றாக இழுத்து வெளியே தள்ளினாள். சின்னதும் பெரியதுமாக அட்டைப்பெட்டிகள்.

“எல்லாத்தையும் எடுத்துக்கங்க. கணக்கையும் மூடிக்கங்க.”

குமணன் ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். ஒட்டியிருந்த டேப் அப்படியே இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதிலும் அப்படியே. எதையுமே அவள் பிரித்திருக்கவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா பிரிக்கல?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிக்கலையா?”

“அதெல்லாம் இல்ல.”

“பின்ன?”

அவள் ஒரு பெட்டியைக் காலால் லேசாகத் தள்ளினாள்.

“ஞாயித்துக்கிழமை வர்ற மாதிரி பாத்து ஆர்டர் போடுவேன்,” என்றாள். “ஒரு அக்கா கொண்டாருவாங்க. பெல் அடிச்சு, ‘இளவேனில் யாருங்க?’ன்னு கேப்பாங்க.”

“இத்தனை தடவை வந்திருக்காங்க. உன்னைத் தெரியாதா அவங்களுக்கு?”

“நல்லாத் தெரியும். இருந்தாலும் கேப்பாங்க. ‘நான்தாங்க’ம்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. அவங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்காம். ஒரு குட்டிக்கு மட்டும் காது வெள்ளையாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் போயிருவாங்க.”

“பெட்டி?”

“அவங்க போனப்புறம் பிரிக்கணும்னு தோணாது.”

குமணன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். இளவேனில். அவர்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். சுபத்ரா வேறொன்று சொன்னபோது பிடிவாதம் பிடித்து வைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்ட நினைவு அவருக்கு வரவில்லை.

வாசலில் மணி அடித்தது.

மகள் எழுந்தாள். ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

“போ,” என்றார்.

அவர் அறைக்குள்ளேயே இருந்தார். வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“இளவேனில் யாருங்க?”

“நான்தாங்க.”

“பாத்தா அப்படித் தெரியலையே! சரி, நம்பரைச் சொல்லுங்க மேடம்.”

சிரிப்புச் சத்தம். தன் வீட்டுக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று குமணனுக்குத் தெரியாது. கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் புதுப் பெட்டியோடு திரும்பி வந்தாள். வாசற்படியிலேயே தயங்கி நின்றாள்.

“இளவேனில்,” என்றார் குமணன். வாய்க்கு அந்தச் சொல் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. “இதுல என்ன இருக்கு?”

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

“இதுல தெரியும். மத்ததுல என்னன்னு எனக்கே மறந்து போச்சு.”

“பிரிப்போமா?”

பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டி, உள்ளே என்னவென்று இருவரும் ஊகம் சொன்னார்கள். அவர் சொன்னது ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட காலுறை இருந்தது. யாருடைய தலைக்கும் பொருந்தாத ஒரு தொப்பி இருந்தது. ஒன்றில், இருட்டில் மினுங்கும் நட்சத்திர ஸ்டிக்கர்கள்.

“இதை எங்க ஒட்டுறது?”

“ஃபேன்ல,” என்றாள்.

நாற்காலி மேல் ஏறி அவர் ஒட்டினார். கீழிருந்து அவள் இடம் காட்டினாள். சன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, அவர் தரையில் மல்லாந்து படுத்தார். அவள் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் விழுந்தாள்.

நட்சத்திரங்கள் முதலில் தனித்தனியாக நகர்ந்தன. பிறகு ஒன்றையொன்று துரத்தின. பிறகு பச்சை வெளிச்சத்தில் ஒரு வளையமாகிவிட்டன. கூரை இருக்கிற இடம் தெரியவில்லை. வெளியே பட்டப்பகல் என்பதும், கீழே தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போவதும் வேறு ஏதோ ஊரில் நடப்பது போலிருந்தது.

“அப்பா.”

“ம்.”

“ஒண்ணுமில்ல.”

எப்போது தூங்கிப்போனார் என்று அவருக்குத் தெரியாது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமணன் மலைக்குப் போனபோது பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. குருவை அவர் முதலில் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.”

நடந்ததையெல்லாம் சொன்னார். பிரிக்காத பெட்டிகளைச் சொன்னார். பார்சல் கொண்டுவரும் பெண்ணைச் சொன்னார். நட்சத்திரங்கள் சுற்றியதைக் கையைச் சுழற்றிக் காட்டினார்.

“கணக்கு?”

“மூடல. மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். சுபத்ரா சொல்றதும் நியாயம், நான் சொல்றதும் நியாயம். கடைசியில இளவேனில்தான் ஒரு வழி சொன்னா.”

“என்ன சொன்னா?”

“கணக்கு இருக்கட்டும். ஆனா எது வாங்குறதா இருந்தாலும் அவளும் நானும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பாத்து, இது வேணுமா வேண்டாமான்னு பேசி, அப்புறம்தான் வாங்கணுமாம். பார்சல் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிரிக்கணுமாம்.” குமணன் சிரித்தார். “எனக்கு ரொம்ப நிம்மதிம்மா. மனசுல இருந்த பாரமே இறங்கிருச்சு. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு விடிஞ்சதும் கிளம்பி ஓடிவந்தேன்.”

“நல்லது,” என்றார் குரு. “எப்ப உட்காருவீங்க?”

“எனக்கு நேரம் கிடைக்கிறப்ப.”

“எப்பக் கிடைக்கும்?”

“வாரம் முழுக்க மில்லுதானேம்மா. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் எனக்கு...”

வாக்கியம் பாதியில் நின்றது.

குரு கண்களை மூடிக்கொண்டார்.

திறந்தபோது எதிரே பனி மட்டும் உட்கார்ந்திருந்தது. கீழே எங்கோ, வளைவு வளைவாக, ஒரு பைக் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.