பேச்சுக்கு ஒரு கடைசி வரி

எங்கள் குரு பஸ் ஓட்டுகிறவர். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட வயது கூடியவர்கள்.

பெயர் பவளராணி. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். அதனால் இங்கிலாந்தின் வடக்கே இந்தப் பழைய ஆலை நகரத்திலும் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். புதன்கிழமைகளில் மத்தியானம் அவருக்கு முக்கால் மணித்தியாலம் ஓய்வு. பஸ் டிப்போ கன்டீனின் மூலை மேசையில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். வாசிப்பு வட்டம் என்று பெயர். இடதுசாரிப் புத்தகம் ஏதாவது ஒன்றில் நாலு பக்கம் வாசிப்போம். மிச்ச நேரத்தில் உலகத்தை மாற்றுவோம்.

ரீச்சர் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டால் மறுமொழி வராது, ஒரு வேலை வரும். வர்க்கம் என்றால் என்ன என்று நான் ஒருமுறை பெரிய ஆள் மாதிரிக் கேட்டேன். விடிய முதல் பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை போய்வரச் சொன்னார். போனேன். துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றபடியே நித்திரை கொண்டார்கள். அந்தக் கேள்வியை நான் பிறகு கேட்கவில்லை.

எங்களில் மூத்தவர் தில்லையம்பலம். தில்லையர் என்போம். பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக எந்தப் போருக்கு எதிராக எந்த ஊரில் ஊர்வலம் போனாலும் முன்வரிசையில் தில்லையர் நிற்பார். வாய்ச்சவடால் ஆள் இல்லை. மழையில் நனைந்து, பொலிசிடம் இழுபட்டு, ஒருமுறை விலா எலும்பும் உடைந்தவர்.

அவருடைய கடையோடு ஒட்டின கடை சமீம் நானாவுடையது. ரோல்ஸ், பற்றிஸ், மாலுபணிஸ் என்று ஊர்ச் சிற்றுண்டி எல்லாம் அங்கேதான். நானாவும் யாழ்ப்பாணம், முஸ்லிம். இரண்டு பேருக்கும் பதினேழு வருடப் பழக்கம். தில்லையரின் மனைவி செத்தபோது, புதுச் சட்டி வாங்கி, அதில் மரக்கறிச் சாப்பாடு சமைத்து மூன்று நாளும் கொண்டுவந்து கொடுத்தவர் நானா.

போன ஆவணியில் வேறெங்கோ ஓர் ஊரில் ஒருவன் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திவிட்டான். குத்தியவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய் கைத்தொலைபேசிகளில் ஓடியது. பொய் என்று பொலிஸ் சொல்லி முடிப்பதற்குள் நாலு ஊரில் பள்ளிவாசலுக்குக் கல் விழுந்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு கனவான் வந்து, வன்முறை கூடாது, ஆனால் சனத்தின் கோபம் நியாயமானது என்றார். அந்த 'ஆனால்' சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கடைத்தெருவுக்கு வந்தது. கொடியைப் போர்த்திக்கொண்டு இருநூறு பேர்.

அன்று மத்தியானம் தில்லையர் கடையைப் பூட்டும்போது கண்ணாடியில் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினார். அதற்குக் கீழே ஒரு வெள்ளை மட்டை. அதில் தடித்த எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினார்: 'இது இந்துக் கடை. நாங்கள் முஸ்லிம்கள் இல்லை.' இது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் கதையை ஒளித்து ஒளித்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கூட்டம் வந்து மட்டையை வாசித்தது. ஒருவன் பிள்ளையாரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கடைக் கமராவில் அது பதிந்திருக்கிறது. பிறகு அவர்கள் பக்கத்துக் கடைக் கண்ணாடியை உடைத்து உள்ளே நெருப்பு வைத்தார்கள். நானா பின்வாசலால் ஓடித் தப்பினார். கையில் பதினொரு தையல்.

அடுத்த நாள் காலை நானா கருகின கடைக்கு முன்னால் நின்றார். தில்லையர் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அவசரத்தில் மட்டையை மறந்துபோனார். அது கண்ணாடியிலேயே இருந்தது. தன் தோளுக்கு மேலால் நானா அதைப் பார்த்தாரா இல்லையா என்று தில்லையருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகுமுன் கழற்றிக் கிழித்துப் போட்டார். ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

வருகிற சனிக்கிழமை நகரசபைக்கு முன்னால் கண்டனக் கூட்டம் என்று தொழிற்சங்கங்கள் அறிவித்தன. அகதிகள் விஷயமென்றால் வழக்கமாக ரீச்சர்தான் பேசுவார். இந்தமுறை அந்தத் தெருவிலிருந்தே ஒருவர் பேசவேண்டும் என்றார்கள். தில்லையரை விட்டால் வேறு யார்?

புதன்கிழமை பேச்சை எழுதிக்கொண்டு வந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நல்ல பேச்சு. இந்த அரசாங்கம் எந்த ஊருக்குக் குண்டு விற்றதோ அந்த ஊர்ச் சனம்தான் படகில் வருகிறது என்றார். ஆட்சியில் கட்சி மாறினாலும் குண்டு போகிற திசை மாறவில்லை என்றார். தாடி வைத்தவன் கொன்றால் பயங்கரவாதி, கொடி போர்த்தினவன் கொளுத்தினால் மனமுடைந்த தொழிலாளி, இந்த அகராதியை எழுதினது யார் என்று கேட்டார். நாங்கள் மேசையில் தட்டினோம். பக்கத்து மேசைச் சாரதிகள் தமிழ் விளங்காமலே திரும்பிப் பார்த்தார்கள்.

"ரீச்சர், கடைசி வரி மட்டும் வருகுதில்லை" என்றார் தில்லையர். "அங்கை குண்டு போடுற அரசாங்கத்துக்கும் இஞ்சை நெருப்பு வைக்கிறவங்களுக்கும் என்ன தொடர்பு? அதை ஒரே வரியில சொல்லவேணும்."

ரீச்சர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"சமீம் நானாவுக்கு வாசிச்சுக் காட்டினியளோ?"

"இல்லை."

"காட்டுங்கோ. அவர் என்ன சொல்லுறாரோ, அதைக் கடைசி வரியா வையுங்கோ."

அருமையான யோசனை என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். தில்லையரின் முகம் கறுத்துப்போனது. தாளை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். பிறகு பிள்ளையார் படத்தில் தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னார். கட்டைவிரல் காட்டினவனையும் அவரே சொன்னார்.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பயத்தில் யாரும் செய்கிற வேலைதானே என்று நான் சமாளிக்கப் பார்த்தேன். அது சரிதான், பயம்தான் என்றார் ரீச்சர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தில்லையருக்கு லேசாக இருந்திருக்கும்.

"ரெண்டு ஏச்சாவது ஏசுங்கோ ரீச்சர்."

"ஏசி என்ன அண்ணை? நீங்கள் தேடுற வரியை ஏற்கனவே எழுதி ஒட்டிப்போட்டியள்."

ஓய்வு நேரம் முடிந்துவிட்டது. ரீச்சர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பின்னேரம் தில்லையரோடு நானும் போனேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னார். பொலிஸ் தடிக்குப் பயப்படாத மனுசன்.

நானா கடைக்குள் ஒற்றைக் கையால் கருகின தட்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். இருக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நின்றபடியே தில்லையர் மட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"வாசிச்சன் தில்லையர்" என்றார் நானா. "நீங்க கட்டிப்பிடிச்சு அழேக்குள்ளையே வாசிச்சிட்டன்."

தில்லையர் குனிந்து ஒரு கருகின தட்டைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்.

பேச்சை நானாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று ரீச்சர் சொல்லிவிட்டதை நான் சொன்னேன். நானா வாசிக்கச் சொன்னார். தில்லையர் வாசித்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பிள்ளை வாசிப்பதைப் போல இருந்தது. நானா கடைசிவரைக்கும் கேட்டார். எல்லாம் உண்மை, ஒரு சொல்லும் பிழையில்லை என்றார்.

பிறகு, கேட்காமலே, ஊரைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நானா உடுத்த உடுப்போடு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் புத்தளத்தில் அகதி முகாம்.

"பக்கத்து வீட்டுக்காரர் கேற்றடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர். அவரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருக்கு முன்னால இயக்கத்தின்ர துவக்கு நிண்டது." நானா சாக்கின் வாயைக் கட்டினார். "உங்களுக்கு முன்னால என்ன நிண்டதெண்டுதான் நாலு நாளா யோசிக்கிறன். எனக்குக் கோபமில்லை தில்லையர். விளங்கேல்லை."

கடையைத் திரும்பக் கட்டலாம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்வோம், போகவேண்டாம் என்று தில்லையர் கெஞ்சினார். வெள்ளிக்கிழமை வேறு ஊரில் இருக்கிற மகளிடமே போய்விடுவதாக நானா ஏற்கனவே முடிவெடுத்துவிட்டார். வாசல்வரை வந்தார். பிள்ளையார் படத்தையும் கிழித்துப்போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் தில்லையர். நல்லது, அவர் பாவம், அவரை எதற்கு இதற்குள் இழுக்கவேண்டும் என்றார் நானா. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தில்லையர் தெருவில் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மட்டையை நான் ஒட்டவில்லைத்தான். ஆனால் எனக்குக் கடை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானாவின் சாமான் ஏற்றின வான் போய்விட்டது. கையசைத்தார். தில்லையர் வான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ரீச்சரைப் பார்க்கவேண்டும் என்றார்.

ரீச்சரின் பஸ்ஸில் ஏறினோம். ஓடும்போது சாரதியோடு கதைக்கக்கூடாது. கடைசித் தரிப்பிடத்தில் எல்லாரும் இறங்கினார்கள். ரீச்சர் எஞ்சினை நிறுத்தினார். திரும்பப் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது.

தில்லையர் சட்டைப் பையிலிருந்து பேச்சை எடுத்தார்.

"நாளைக்கு நான் பேசலாமோ ரீச்சர்? இந்த வாயால?"

ரீச்சர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். அவர் தன் கதை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அன்று சொன்னார்.

தொண்ணூறில் அவருக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணம் நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பு. அவருடைய வகுப்பில் நாலு முஸ்லிம் பிள்ளைகள். அதில் நஸ்ரினா என்றொரு பிள்ளை கணக்கில் வலு கெட்டிக்காரி. ஒரு நாள் நாலு பேரும் இருந்தார்கள். அடுத்த நாள் வாங்கில் அந்த நாலு பேரின் இடமும் வெறுமையாக இருந்தது.

"நான் வழக்கம்போல வரவு இடாப்புக் கூப்பிட்டன். நாலு பேரின்ர பேரையும் கூப்பிட்டன். மற்றப் பிள்ளையள் குனிஞ்சுகொண்டு இருந்துதுகள். நாலு பேருக்கும் நேரை சைபர் போட்டன். ரெண்டு கிழமையாச் சைபர் போட்டன். பேந்து அதிபர் வந்து, வராத பிள்ளையளின்ர பேரை இன்னும் ஏன் வச்சிருக்கிறீர், வெட்டும் எண்டார்."

"வெட்டினியளோ?"

"சிவப்புப் பேனையாலை. அடிமட்டம் வச்சு. கோணாமல்."

தில்லையர் அவருக்காகப் பதறிப்போனார். அந்தக் காலத்தில் யார் வாய் திறந்திருக்க முடியும், இயக்கம் துவக்கோடு நின்ற நேரம், ரீச்சர் என்ன செய்திருக்க முடியும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவருக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

"வகுப்புக்குள்ளை துவக்கு நிக்கேல்லை அண்ணை. நானும் பிள்ளையளும்தான் நிண்டது."

வெளியே இரண்டு பேர் வந்து கதவடியில் நின்றார்கள். ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இது சமீம் நானாவுக்குத் தெரியுமோ?" என்று நான் கேட்டேன்.

"பதினேழு வருசம் அந்த மனுசன்ர கையால ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டனான்" என்றார் ரீச்சர். "ஒவ்வொரு தரமும், இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் போறனான்."

எஞ்சினைப் போட்டார். கதவு திறந்தது. ஆட்கள் ஏறினார்கள். தில்லையர் பேச்சுத் தாளோடு அதே இடத்தில் நின்றார்.

"அப்ப நாளைக்கு?"

ரீச்சர் ஒரு கிழவிக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"பேசுங்கோ அண்ணை. முப்பது வருசமா நானும் பேசிக்கொண்டுதானே இருக்கிறன்."