சூடாகாத டிஸ்க்

சென்னியப்பனுக்கு வண்டியை ஓட வைப்பதில் பயம் இல்லை. நிற்க வைப்பதில்தான் பயம்.

கோயமுத்தூரில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவி கோமதிக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு கார் பந்தயத்தில் ஆசை வந்தது. ஆசை வந்தால் அடக்கிக்கொள்கிற ஆள் இல்லை கோமதி. யாரோ ஓட்டி ஓய்ந்த பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கி வீட்டு ஷெட்டில் நிறுத்தினாள்.

"கட்டிக் குடுங்க, ஓட்டறேன்" என்றாள்.

அதற்காகத்தான் அவர் மெர்சியிடம் வேலை கற்கப் போனார். மெர்சி பந்தயக் கார்களுக்கு மட்டுமே வேலை பார்ப்பவள். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். இருந்தாலும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அவள் இவரை அண்ணா என்பாள். பட்டறையில் பார்த்துக்கொண்டு வந்து, வீட்டு ஷெட்டில் செய்துபார்ப்பார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தார். கிளட்சை மாற்றினார். ஆக்சில் இரண்டையும் புதிதாகப் போட்டார். அதுவரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை நடந்தது. பிரேக்கில் கை வைத்த அன்றோடு பாட்டு நின்றுபோனது.

பல் தேய்க்கும்போது சந்தேகம் வரும். வாயில் நுரையோடு ஷெட்டுக்கு ஓடுவார். பைப்புக்குள் காற்று நின்றிருக்குமோ என்று நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார். வடிந்த பிரேக் ஆயிலுக்குப் பதில் டப்பாவிலிருந்து ஊற்றி நிரப்புவார். நிம்மதியாகக் கடைக்குப் போவார். ஷட்டரைத் தூக்குவதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிடும். ஐப்பசி மழை முழுக்க இதே கூத்துதான். கோமதி சாப்பாட்டுத் தட்டை ஷெட்டுக்கே கொண்டுவந்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டியை டிராக்குக்குக் கொண்டுபோனார்கள். மெர்சி வந்து காத்திருந்தாள்.

"மாஸ்டர், பிரேக் பிடிக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?"

மெர்சி சாவியை அவரிடம் நீட்டினாள்.

"நானுங்களா? கோமதிதானுங்களே ஓட்டறது."

"வண்டியக் கட்டினவங்கதான் முதல்ல ஓட்டணும், அதுதான நம்ம பட்டறை வழக்கம். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

போனார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜம்முனு பிடிக்குதுங்க மாஸ்டர். ஒரு கொறையும் இல்லை."

மெர்சி குனிந்தாள். முன்சக்கரத்தின் இடைவெளியில் கையை விட்டு, பிரேக் டிஸ்க்கின் மேல் வெறும் உள்ளங்கையை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல வைத்தவள், கையை எடுக்கவே இல்லை.

"ஜில்லுனு இருக்குதுங்ண்ணா. ஓங்கி மிதிச்சிருந்தா சுட்டிருக்கும்."

சென்னியப்பன் இறங்காமல் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"மெதுவாத்தான் மிதிச்சேனுங்க. ஓங்கி மிதிச்சு, பிடிக்காமப் போயிட்டா?"

"போயிட்டா?"

"கோமதி ஓட்டற வண்டிங்களே."

"இப்ப அதுல உக்காந்திருக்கறது கோமதிங்களா?"

பத்தடி தள்ளி, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கோமதி நின்றிருந்தாள். அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவைத் தவறவிட்டவர்களுக்காக அதற்கு அப்பால் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். சென்னியப்பன் நேர்பாதையில் விரட்டிப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வண்டி பிடித்தது. பெல்ட் நெஞ்சை அழுத்தியது. அடுத்த சுற்றிலும் பிடித்தது. அதற்கடுத்த சுற்றிலும் பிடித்தது. இத்தனை நாளில் முதல் முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுபடி நேர்பாதைக்கு வந்தார். மிதித்தார். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல அடிவரைக்கும் இறங்கிப் போனது.

கத்தக்கூட நேரமில்லை. கை தானாகப் போய்க் கியரை இறக்கியது. இன்னும் ஒரு கியர் இறக்கியது. இன்ஜின் அலறியது. பாட்டுப் பாடிக்கொண்டே அவர் கட்டிய கியர்பாக்ஸ் வேகத்தை இழுத்துப் பிடித்தது. வண்டி வளைவைத் தாண்டி மணலுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது.

கோமதிதான் முதலில் ஓடி வந்தாள். அவளே அவருடைய பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள்.

"நாளைக்கு இதுக்குள்ள நீ இருந்திருப்ப" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மெர்சி பெடலை நாலு தடவை அழுத்திப் பார்த்தாள். ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தாள்.

"ஆயில் கொதிச்சிருக்குதுங்ண்ணா. ஈரம் ஏறின ஆயில். சூடானதும் உள்ள ஆவியாயிருக்குது. அப்புறம் எங்கிருந்து பிடிக்கும்? டப்பாவக் காட்டுங்க."

கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"மூடி எங்கீங்?"

"அடிக்கடி தேவைப்பட்டுதுங்களா, அதனால மூடறதே இல்லீங்க."

"மழையெல்லாம் பேஞ்சுதே?"

"ஷெட்டுக்குள்ளதாங்க இருந்துச்சு. ஒரு சொட்டு மழை படலை."

"காத்துல இருக்கற ஈரமே போதுங்ண்ணா, இந்த ஆயில் குடிச்சுக்கும்."

சென்னியப்பன் அந்தத் திறந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, பிடிக்காமப் போயிருமோன்னு பார்த்துப் பார்த்து, நானே பிடிக்காமப் பண்ணீட்டேனுங்களா?"

மெர்சி சீல் பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்தார். புதியதை ஊற்றினார். ஏர் எடுத்தார். நட்டுகளை இறுக்கி, டப்பாவுக்கும் மூடியைப் போட்டார். கை திரும்பவும் ஸ்பேனரை நோக்கிப் போனது. பாதி வழியில் இழுத்துக்கொண்டார்.

இந்த முறை யாரும் சாவியை நீட்டவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். சக்கரங்களில் கருகிய வாடை வருகிற வரைக்கும், மிதித்து மிதித்து ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் பிடித்தது. இறங்கி வந்தபோது டிஸ்க்கின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

சூடு ஆறியதும் கோமதி ஏறி உட்கார்ந்தாள். சென்னியப்பன் அவளுடைய பெல்ட்டை இறுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். வண்டி சீறிக்கொண்டு போனது. வளைவுக்கு முன்னால் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டி பணிந்து, திரும்பி, மறைந்தது.

"மாஸ்டர்."

"சொல்லுங்ண்ணா."

"பிரேக் பிடிக்குமுங்க. இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா அவ கண்ணுக்கு மறைஞ்சதும் நெஞ்சு இப்படி அடிச்சுக்குதுங்களே. இதைச் சரி பண்றது எப்படிங்க?"

மெர்சி பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அது ரிப்பேர் இல்லீங்ண்ணா. அதுல கை வெச்சுராதீங்க."