கஷாயத்துக்குக் காவல்

நீர்முள்ளி நாட்டுக்கு மதிலும் கிடையாது, அகழியும் கிடையாது. எல்லையில் ஒரு சதுப்புக்காடு மட்டும் உண்டு. அதில் கால் வைத்தவனைக் குளிர்காய்ச்சல் பிடிக்கும். படையெடுத்து வந்த பகைவன் ஒவ்வொரு தடவையும் பல் கிடுகிடுக்கத் திரும்பி ஓடினான். ஆனால் காய்ச்சலுக்கு நம்மவன், அயலான் என்று தெரியுமா? உள்ளூர் ஜனங்களையும் அது விடவில்லை.

அரண்மனை வைத்தியர் வெள்ளையம்மாள் இந்தக் காய்ச்சலுக்கு ஒரு கஷாயம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் சும்மா இருந்தாரா? "எல்லா ஊர் வைத்தியர்களுக்கும் சொல்லப்போகிறேன். அவர்களும் காய்ச்சிப் பார்த்து, நான் ஏதாவது தப்புச் செய்திருந்தால் திருத்தட்டும்" என்று கிளம்பினார். வாசலிலேயே மடக்கிக் காவலில் வைத்தார் தளபதி கடம்பராயர்.

வழக்கு ராஜா பூவணராயரிடம் வந்தது.

"மகாராஜா, காய்ச்சல்தான் நமக்கு அகழி" என்றார் தளபதி. "மருந்து வெளியே தெரிந்தால் பகைவன் ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டு ஜம்மென்று வந்து இறங்குவான். இந்த அம்மாள் ஆயுசு முழுக்கச் சிறையில் இருக்கட்டும்!"

"நேற்று மேலத்தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இந்தக் காய்ச்சலில் போய்விட்டாள், மகாராஜா" என்றார் வெள்ளையம்மாள். "மருந்து தெரிந்த நான் பூட்டுக்குள் இருந்தேன்."

சபையின் வாயாடி அம்பலக்கூத்தன் முன்னால் வந்தான். தளபதியை ஒரே பேச்சில் மடக்கிவிடலாம் என்று பார்த்தால், அவர் சொல்வதிலும் நியாயம் இருந்து தொலைத்தது.

"தளபதியாரே, ரகசியம் பத்திரமாக இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டான்.

"என்ன கேள்வி ஐயா இது? அம்மாளின் ஓலையைப் பிடுங்கி, அதில் உள்ள மருந்துச் சரக்கு ஒவ்வொன்றுக்கும் காவல் போட்டிருக்கிறேன். சரக்கின் அளவுக்குத் தக்க ஆள். அதுதான் என் முறை!"

"பேஷ்! மகாராஜா, எனக்குக் கடைத்தெருவில் சின்ன வேலை இருக்கிறது. நான் வரும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்" என்று கூத்தன் நழுவினான்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அவன் கையில் ஆவி பறக்கும் மண்பானை. முகத்தில் சிரிப்பு இருந்தது. உள்ளே ஒரே கவலை. பானையில் இருப்பது தப்பாக இருந்தால் அந்த அம்மாள் சிறையைவிட்டு வரவே முடியாதே!

வெள்ளையம்மாள் ஒரு சொட்டு நாக்கில் விட்டார். கண் விரிந்தது. "என் கஷாயமேதான்! மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"துரோகம்!" என்று குதித்தார் தளபதி. "உனக்கு யாரடா சொன்னது?"

"தாங்கள்தான்" என்றான் கூத்தன். "நிலவேம்புப் பாத்தியில் நாலு பேர் ஈட்டியோடு நின்றார்கள், நாலு பிடி போட்டேன். வேப்பமரத்தடியில் இரண்டு பேர். பட்டை இரண்டு பிடி. குயவர் வீட்டு வாசலில் ஒருவர். சரி, செம்பு ஆகாது, மண்பானைதான் என்று புரிந்தது. மிளகுக் கடையிலும் இரண்டு பேர்."

"அங்கே நான் போட்டது ஒரே ஆள்தான்!"

"இன்னொருவர் அவருடைய மச்சானாம், பேச வந்தவர். அதுதான் மிளகு தூக்கல்."

சபை கொல்லென்று சிரித்தது. கூத்தன் சிரிக்கவில்லை.

"மகாராஜா, பகை நாட்டு வெற்றிலை வியாபாரிகள் அந்தக் கடைத்தெருவில்தான் தினமும் கடை போடுகிறார்கள். அவர்களுக்கும் கண் இருக்கிறது. நம் ஜனங்களோ ஈட்டியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். இப்போது ரகசியம் தெரியாதவர்கள் நம் ஜனங்கள் மட்டும்தான்."

ராஜா வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களை அடைத்தது என் பிழை. நாளையே எல்லா ஊர் வைத்தியர்களையும் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். "ஆனால் கூத்தா, அகழி போய்விட்டதே?"

"சதுப்புச் சேறே ஆளை விழுங்குமே! அதில் புதையாமல் நடக்கும் வழி நம் மீனவர்கள் சிலருக்குத்தான் தெரியும், மகாராஜா. அதை ஜனங்களுக்குச் சொல்லாவிட்டால் ஒருவரும் சாகப்போவதில்லை. பகைவனுக்குத் தெரிந்தால்தான் ஆபத்து. மறைக்க வேண்டியது அதைத்தான். மீனவர்களையும் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்."

"அருமை! அந்த வழி பரம ரகசியமாகவே இருக்கட்டும்" என்றார் ராஜா.

தளபதி விறைப்பாக எழுந்து நின்றார். "கவலையே வேண்டாம், மகாராஜா! விடிந்ததும் அந்த வழி நெடுக நூறு வீரர்களை வரிசையாக நிறுத்திவிடுகிறேன்!"

கூத்தன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடமே சரிந்தது. கூத்தனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. தளபதிக்கு, பானையில் மிச்சமிருந்த கஷாயம் முழுவதும்.