மிராசுதார் கூடத்தில் நடந்த ஆமை

போன மழைக்காலத்தில் குஞ்சம்மாளின் குடிசைக்குள் ஓர் ஆமை நுழைந்தது. அங்கே ஆள் குடியிருந்தால் ஊருக்கே ஆகாது என்று சொல்லி, மிராசுதார் சபாரத்தினம் அவளை வெளியேற்றிவிட்டுத் தன் வைக்கோலை அதில் அடைத்தார். அவருடைய மாட்டுக்கொட்டகையிலேயே வேலை செய்து, அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள் குஞ்சம்மாள்.

மிராசுதாருக்கு மூலநோய். ஆமைக்கறி தின்றால் தீரும் என்று யாரோ சொன்னதிலிருந்து, ஊர்க்குளத்து ஆமைகள் ஒவ்வொன்றாகக் குஞ்சம்மாள் கையால் பிடிபட்டு அவர் வீட்டுச் சட்டிக்குப் போயின. நோய் மட்டும் போகவில்லை.

"இன்னைக்கு ஆமை வந்தாகணும். இல்லேன்னா கொட்டகையையும் காலி பண்ணு" என்றார்.

குளம் முழுக்கத் துழாவியவளுக்கு ஒரே ஓர் ஆமைதான் அகப்பட்டது. ஊரார் பார்க்க அதை மிராசுதார் வீட்டு நிலைப்படிக்குள் இறக்கிவிட்டாள். அது நிதானமாகக் கூடத்துக்குள் நடந்தது.

"அடிப்பாவி! கொல்லைப்பக்கம் கொண்டுபோறதுதானே?"

"நுழைஞ்சிடுச்சே ஆண்டே. வீட்டை எப்போ காலி பண்றீங்க?"

"அதெல்லாம் சும்மா கட்டுக்கதைடி!"

"அப்போ என் வீட்டுல எதுக்கு உங்க வைக்கோல்?"

கூட்டம் சிரித்தது. அன்றைக்கே வைக்கோல் வெளியேறியது. "இந்தச் சனியனையும் தூக்கிட்டுப் போ" என்றார் மிராசுதார்.

குஞ்சம்மாள் ஆமையைக் குளத்தில் விட்டாள். அது தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. இன்னொரு தலை எங்கும் எழவில்லை. வீட்டைத் திரும்ப வாங்கிவிட்டவளுக்கு, வீட்டுக்குப் போக அன்று கால் எழவில்லை.