முப்பது வயதுப் பொம்மை

"என் படத்தைப் பார்த்து எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க டீச்சர். ஒருத்தரும் நின்னு பாக்கலை. ஏன்?" என்று கேட்டார் பரஞ்சோதி.

ஜெசிந்தா அவர் நீட்டிய பொம்மைப் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

அவளுக்கு அவருடைய மகள் வயதுதான். மூட்டுக்கு மூட்டு மடங்கும் பொம்மைகளைப் படம் பிடிப்பவள். கண்ணை மாற்றுவாள், முடியை மாற்றுவாள், முகத்தை அழித்துவிட்டு வேறு முகம் தீட்டுவாள். அவள் படங்களின் முன்னால் ஆட்கள் நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் தவிப்பார்கள். பரஞ்சோதியும் அப்படித் தவித்தவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தார்.

அவர் கொண்டுவந்த பொம்மை இரட்டைச் சடை போட்டிருந்தது. சிரித்தது.

"யார் சார் இது?"

"என் பொண்ணு. நாச்சியார்."

"என்ன வயசு?"

"இதுல ஏழு."

"இப்போ?"

"முப்பது."

ஜெசிந்தா பஞ்சைத் தின்னரில் நனைத்தாள். பொம்மையின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். புருவம் போயிற்று. உதடு போயிற்று. வெள்ளை முகத்தில் இரண்டு கண்ணாடிக் கண்கள் மட்டும் மிஞ்சின.

"ஐயோ! மாசக் கணக்கா உக்காந்து வரைஞ்சது டீச்சர்!"

அவள் தூரிகையை அவர் கையில் கொடுத்தாள்.

"முப்பது வயசு முகத்தை வரைங்க."

தூரிகை பொம்மையின் நெற்றிவரை போனது. அங்கேயே நின்றது.

"தெரியலை," என்றார். "எங்களைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. இனிமே இந்த வாசலை மிதிக்காதேன்னுட்டேன். அவ முகத்தைப் பார்த்து ரொம்ப வருஷமாச்சு."

"அப்புறம் வரவே இல்லையா?"

"வந்தா. போன தை மாசம். வாசல்ல நின்னு 'அப்பா'ன்னு கூப்பிட்டா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். தலையை நிமித்தலை. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா."

"அப்போ எதுவுமே பாக்கலையா?"

பரஞ்சோதி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பருக்குக் கீழே அவ கால் தெரிஞ்சுது."

"அதை வரைங்க சார்."

அவர் பொம்மையை மடியில் கிடத்தி, சின்னப் பாதத்தில் செருப்பு வாரை வரைந்தார். வாரின் நடுவில் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.

"இது என்ன?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஊக்கு. வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தா டீச்சர்," என்றார். "அதையும் பார்த்தேன்."