கண்ணாடிக் குவளையில் சூரியன்

சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நடத்திவிட்டோம் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் இருவர் அறிவித்த வருடம் அது. கனநீரில் பல்லேடியம் என்ற உலோகக் கம்பியை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், கொடுத்ததைவிட அதிகமாக வெப்பம் கிடைக்கும் என்றார்கள். கேள்விப்பட்ட ஆய்வகமெல்லாம் குவளையும் கம்பியுமாக உட்கார்ந்துவிட்டது.

பொன்னரங்கனும் உட்கார்ந்தார். கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்து அலுத்து, நரை விழுந்த பிறகு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய நெறியாளர் ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். இந்த வயதில் என்ன ஆராய்ச்சி என்று கேன்டீனில் எழுந்த சிரிப்பு அவர் காதுக்கும் வந்திருந்தது. பாவம், ஒரே ஒரு தடவை பேப்பரில் பேர் வந்துவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தார் மனிதர்.

பல வாரம் குவளை சும்மாவே இருந்தது. ஒரு காலையில் சூடு ஏறியது. கணக்குப்படி ஏற வேண்டியதைத் தாண்டியும் ஏறியது. பொன்னரங்கனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜெசிந்தா ஆய்வகத்துக்கு வருவதற்குள் பத்திரிகை நிருபர் ஒருவருக்கு போன் போட்டு வரவழைத்தும் விட்டார்.

"மேடம், வந்துடுச்சு. நிருபர் வெளிய உக்காந்திருக்கார். சொல்லிடலாமா?"

அவர் நீட்டிய வெப்பநிலை வரைபடத்தை ஜெசிந்தா வாங்கவில்லை. குவளைக்குள் எட்டிப் பார்த்தார். தெர்மாமீட்டரின் நுனி கம்பியை ஒட்டி நின்றது. ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்து, மின்சாரத்தை நிறுத்தாமலே, நீரை அடிவரை நிதானமாகக் கலக்கினார்.

பாதரசம் இறங்கியது. கணக்கு சொன்ன இடத்துக்கே வந்து நின்றது. கம்பியைச் சுற்றி மட்டும்தான் அத்தனை சூடு. அடியில் இருந்த நீர் ஆறித்தான் கிடந்திருக்கிறது.

ஜெசிந்தா சொல்லட்டும் என்று காத்திராமல், பொன்னரங்கன் தானாகவே வெளியே போனார். செய்தி எதுவும் இல்லை, தப்பாகக் கூப்பிட்டுவிட்டேன் என்று நிருபரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கலக்கிட்டுத்தான் சூடு பாக்கணும்னு முதல் வருஷப் பசங்களுக்கே சொல்லிக் குடுக்கிறவன் மேடம் நான். எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

ஜெசிந்தா குச்சியைத் துடைத்து வைத்தார்.

"போன வாரம் சூடு வரலையே சார், அப்ப என்ன பண்ணினீங்க?"

"தெர்மாமீட்டரை மாத்தினேன். கம்பியைத் தேச்சுப் போட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு தடவை கலக்கிக்கூடப் பாத்தேன்."

"வரலைன்னதும் கலக்கிப் பாத்திருக்கீங்க. வந்ததும்?"

"வந்ததும் நிருபருக்குத்தான் மேடம் போன் போட்டேன்."