வளையாத கயிறு

கிட்ட வந்து உட்காருங்க. கிரேக்க தேசத்துக் கடலோரத்தில் புதுசாக ஒரு பட்டணம் கட்டினார்கள். தெருவெல்லாம் மேற்கு வாசல் தொட்டுக் கிழக்கு வாசல் வரை நேராக ஓடணும் என்பது ஊர்ச்சபை உத்தரவு. கயிறு பிடித்துத் தெரு குறிக்க வந்தவர் தெலசாண்டர் என்கிற பெரிய மனிதர். அந்தக் கயிறு, கம்பளி நூற்றுப் பிழைக்கிற மிர்ரினாவின் குடிசைக்குள் புகுந்தது.

“ஐயா, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா என் வீடு தப்பிக்குமே?”

“போடி! அப்பொல்லோ சாமியே குறுக்கே உட்கார்ந்தாலும் கயிறு வளையாது. வளைஞ்சா உன் வீட்டை விட்டுடறேன். இது சாமி சத்தியம்!”

சுற்றி நின்ற ஊர்ச்சனமெல்லாம் அந்தச் சத்தியத்தைக் கேட்டது.

“சரிங்க, நேராவே பிடிப்போம்” என்ற மிர்ரினா, கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். தெலசாண்டர் சந்தைத் திடலோடு கயிற்றை நிறுத்தியிருந்தார். இவள் அதையும் தாண்டிப் போனாள். கூட்டமும் பின்னாலேயே ஓடியது. கயிறு நேராகப் போய் ஒரு புது மாளிகையின் கதவில் இடித்தது. தெலசாண்டரின் மாளிகை!

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கோ முகமே வெளுத்துவிட்டது.

“இங்கே… இங்கே மட்டும் லேசா வளைச்சுக்கலாம்” என்று முனகினார்.

மிர்ரினா கயிற்று முனையை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“வளைங்க ஐயா. ஊரே பார்க்குது.”